வரையாமல் விட்ட தண்ணீர்

தொடக்கப் பள்ளிப் பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து "இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் என்ன வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆற்றின் இரு கரைகளையும் போட்டதோடு பிள்ளைக்கு மனம் ஆறாது. அது தண்ணீர் என்று காட்டியாக வேண்டுமே! கரைக்குக் கரை நெளிநெளியாகக் கோடு இழுத்து நிரப்பிவிடும். நானும் அப்படித்தான் வரைந்தேன்; நீங்களும் அப்படித்தான் வரைந்திருப்பீர்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1819 செப்டம்பரில் வெனிஸ் நகரில் போட்ட பென்சில் படங்களை முதன்முறை பார்த்தபோது என்னை நிறுத்தியது அந்த நெளிகோடுகள் இல்லாததுதான். வெனிஸ் தண்ணீருக்குள் நிற்கும் ஊர். தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் படகு. குவிமாடங்கள், மணிக்கூண்டுகள், பாய்மரக் கம்பங்கள், படகுகள் எல்லாம் விறுவிறுவென்று இழுத்த கோடுகளில் வந்து நிற்கின்றன. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் வெறும் தாள். ஆங்காங்கே ஒரு கீற்று, படகுக்கு அடியில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். ஆனாலும் அது தண்ணீர் என்பதில் கண்ணுக்கு ஒரு கணம்கூடத் தடுமாற்றம் இல்லை.

ஒன்றும் வரையாத இடம் எப்படித் தண்ணீராகிறது? விடையில் பாதி ஒளியியலில் இருக்கிறது. மீதியைப் பென்சில் முனையும் தாளும் நம் மூளையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

டர்னர் லண்டனில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகனாக 1775இல் பிறந்தவர். இத்தாலியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வெனிசுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 44. ஒரு வாரம்கூட அங்கே தங்கவில்லை. பிறகு ரோம், நேப்பிள்ஸ் என்று தெற்கே போய்விட்டார். நேப்பிள்சில் அவரைக் கண்ட ஒருவர், லண்டனின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜான் சோனின் மகன், தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சங்கதியைச் சொல்லியிருக்கிறார். வெளியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டினால் நேரம் போய்விடும், ஒரு வண்ணப் படம் முடிவதற்குள் பென்சிலில் 15, 16 போட்டுவிடலாம் என்று டர்னர் உறுமினாராம். பயணியின் கணக்கு அது. வெளிச்சம் நிற்காது, படகு நிற்காது, நாட்களும் கொஞ்சம். பென்சில் ஒன்றுதான் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும்.

அந்தப் பென்சில் குறிப்புகள் எத்தனை காலம் அவருக்குச் சோறு போட்டன பாருங்கள். வெனிசைப் பற்றிய அவருடைய முதல் எண்ணெய் வண்ணப் படம் 1833இல் லண்டன் ராயல் அகாதெமியின் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அந்த ஊருக்கு அவர் இரண்டாம் முறை போனதே அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான். 14 ஆண்டுகளுக்கு முன் அவசரமாகக் கிறுக்கிய பக்கங்களும் நினைவும்தான் அவர் கையிருப்பு. கடைசியாக 1840இல் ஒருமுறை போனார். மூன்று பயணங்களையும் கூட்டினாலும் அவர் வெனிசில் இருந்த நாட்கள் நான்கு வாரத்துக்குள்தான். அவர் மறைந்த பிறகு நாட்டுடைமையான தொகுப்பில் சுமார் 300 ஸ்கெட்ச் புத்தகங்கள் இருந்தன.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டர்னர் ராயல் அகாதெமியில் தூரமும் ஆழமும் தாளில் தெரியும்படி வரையும் கணக்கு, அதாவது பர்ஸ்பெக்டிவ், கற்பித்த பேராசிரியர். 1807இல் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1811இல் முதல் விரிவுரை நிகழ்த்தினார். அந்த விரிவுரைகளுக்காகப் பெரிய விளக்கப் படங்களைத் தாமே வரைந்தார். பாதியளவு நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைகள் இரண்டில் ஒளி எப்படி எதிரொளிக்கிறது, எப்படி விலகுகிறது என்று காட்டும் படம் அவற்றில் ஒன்று. தண்ணீரும் வெளிச்சமும் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்த மனிதர் அவர். அந்தக் கை தாளில் வெற்றிடம் விட்டதென்றால், அதை நேரம் போதாமல் விடுபட்ட இடம் என்று நான் நம்பமாட்டேன்.

டர்னர் வெனிசில் பென்சிலும் கையுமாக அலைந்த அதே 1819இல், பாரிசில் அறிவியல் அகாதெமி ஒரு பரிசு கொடுத்தது. பெற்றவர் அகுஸ்தேன் ஃபிரெனெல். தொழிலால் சாலை, பாலம் கட்டும் பொறியாளர். ஒளி ஓர் அலை என்று வைத்துக் கணக்கிட்ட கட்டுரைக்குக் கிடைத்த பரிசு அது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1823இல், நீர் அல்லது கண்ணாடியின் பரப்பில் விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வரும், எத்தனை பங்கு உள்ளே போகும் என்பதற்கான சமன்பாடுகளைத் தந்தார். இன்றைக்குக் கணினி விளையாட்டில் வரும் கடல்கூட அந்தச் சமன்பாடுகளின் பலத்தில்தான் கடலாகத் தெரிகிறது.

அவை சொல்வதைக் கோயில் குளத்துப் படியில் நின்றே சரிபார்த்துவிடலாம். உங்கள் கண் தண்ணீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலடியில் நேர் கீழே குனிந்து பாருங்கள். வானத்திலிருந்து வரும் ஒளியில் 2 சதவீதம்தான் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. அதனால் பாசி படிந்த படியும் மீனும் தெரிகின்றன. ஒன்றரை மீட்டர் தள்ளிப் பார்த்தால் 3 சதவீதம். இன்னும் உள்ளே தெரியும். 17 மீட்டர் தள்ளிப் பார்த்தால் உங்கள் பார்வை நீர்ப்பரப்போடு வெறும் 5 பாகைக் கோணத்தில் உரசுகிறது. அங்கே திரும்பி வருவது 58 சதவீதம். பெரிய ஏரியாக இருந்து 85 மீட்டருக்கு அப்பால் பார்த்தால் சுமார் 90 சதவீதம்! அதே தண்ணீர், அதே வெளிச்சம். பார்க்கும் கோணம் சரியச் சரிய, ஜன்னலாக இருந்த தண்ணீர் நிலைக்கண்ணாடியாகிவிடுகிறது.

இனி டர்னரின் தாளுக்கு வருவோம். காற்றில்லாத வேளையில் தூரத்துத் தண்ணீர் என்பது வானத்தின் கண்ணாடி. பென்சில் படத்தில் வானம் எது? கோடு படாத தாள். அப்படியானால் வானத்தைத் திருப்பிக் காட்டும் தண்ணீரும் கோடு படாத தாளாகத்தானே இருக்க வேண்டும்? அதன்மேல் நெளிகோடு போட்டு நிரப்பினால் வானத்தைவிடத் தண்ணீர் கறுத்துப் போகும், பளபளப்பு செத்துவிடும். வெறுமையாக விட்டதுதான் இயற்பியலோடு ஒத்து நிற்கிறது. நம் பிள்ளைகள் கையில் தண்ணீர் என்பது ஒரு பொருள், அதை வரைந்தாக வேண்டும். டர்னர் கையில் அது ஒரு பரப்பு, அது எதைக் காட்டுகிறதோ அதை வரைந்தால் போதும்.

நல்ல ஸ்கெட்சுகளில் தாளின் அடிப்பக்கம், அதாவது பார்ப்பவரின் காலடியை ஒட்டிய தண்ணீரில், சில அழுத்தமான கிடைக்கோடுகள் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே வானத்தின் வெளிச்சம் குறைந்து நீரின் உட்கருமை மேலேறி வருகிறது. கீழே நாலு கறுத்த கோடு, மேலே போகப் போக வெளுப்பு. அந்த நாலு கோட்டில் தண்ணீர் தரையைப் போலப் படுத்துவிடும். அவை இல்லையென்றால் சுவரைப் போல எழுந்து நிற்கும். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் அவுட்டோர் போய் ஸ்கெட்ச் போடும்போது முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களில் இது ஒன்று என்பேன்.

காற்று எழுந்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு சாய்ந்த கண்ணாடி. தூரத்துக் கடலில் நமக்குத் தெரிபவை பெரும்பாலும் நம் பக்கமாகச் சாய்ந்த அலைமுகங்களே. அவை அடிவானத்தை விட்டுவிட்டு வானத்தின் உயரமான, கருநீலப் பகுதியைக் காட்டுகின்றன. மெரினாவில் நின்று பார்த்தால் கடலும் வானமும் சேரும் இடத்தில் கடல் வானத்தைவிடச் சற்றே கறுத்துத் தெரிவதற்கு இதுதான் காரணம். அமைதியான காயலையும் கடலையும் ஒரே மாதிரி வரைய முடியாது. வெனிசின் தண்ணீர் காயல் தண்ணீர். மணல் திட்டுகள் கடலைத் தடுத்து நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. டர்னர் அவ்வளவு இடத்தைத் துணிந்து வெறுமையாக விட முடிந்ததில் அந்த ஊரின் நில அமைப்புக்கும் பங்குண்டு.

தண்ணீரில் தெரியும் பிம்பத்தைப் பற்றியும் நமக்கொரு தவறான எண்ணம் இருக்கிறது. கரையில் நிற்பதைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் பிம்பம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. தண்ணீருக்கு மேலே உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் தண்ணீருக்குக் கீழே இன்னொரு கண்ணை வைத்துப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிம்பத்தில் தெரிவது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதத்தில், எதிர்க்கரையில் நின்று கோபுரத்தையும் அதன் பிம்பத்தையும் மாறி மாறிப் பாருங்கள். நேரில் தெரியும் கோபுரத்தின் அடிப்பகுதி பிம்பத்தில் குறைந்திருக்கும். கீழிருந்து பார்க்கும் கண்ணுக்குக் குளத்தின் படிகளும் கரையும் குறுக்கே நின்று மறைக்கின்றன. கோபுரம் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவுக்கு மறைப்பும் கூடும். பாலமாக இருந்தால் எதிர்மாறாக ஒரு வரவு: மேலிருந்து பார்க்கும்போது தெரியாத வளைவின் அடிவயிறு பிம்பத்தில் தெரியும். பிம்பம் என்பது நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கவே முடியாத இன்னொரு காட்சி.

ஸ்கெட்ச் போடுகிறவர் இதையெல்லாம் அளந்துகொண்டிருப்பதில்லை. அவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. பேட்ரிக் கவனா என்ற பார்வையியல் ஆய்வாளர் 2005இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். ஓவியங்களில் நிழலும் பிம்பமும் நிஜத்தில் நடக்கவே முடியாதபடி இருந்தாலும் பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. நம் மூளை உலகத்தைப் புரிந்துகொள்ள முழு இயற்பியலையும் பயன்படுத்தாமல் சுருக்கமான ஓர் இயற்பியலை வைத்துச் சமாளிக்கிறது. பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழ வேண்டும், பொருளின் நிறத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மூளை ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் ஒன்றில் மட்டும் தவறினால் உடனே உறுத்தும். பிம்பம் எந்தத் திசையில் கலங்குகிறது என்பதுதான் அது. இரவில் எதிர்க்கரையில் எரியும் ஒற்றை விளக்கைப் பாருங்கள். பிம்பமும் ஒற்றைப் புள்ளியாக இருக்க வேண்டியது, நம் கால்வரை நீண்டு ஒரு வெளிச்சத் தூணாகிவிடுகிறது. நாம் தண்ணீரைச் சரிவாகப் பார்க்கிறோம் அல்லவா? அதனால் அலைகள் நம் பக்கமும் எதிர்ப்பக்கமும் சாய்வதில் பிம்பம் மேலும் கீழும் வெகுதூரம் சிதறுகிறது. இடவலமாகச் சாய்வதில் கொஞ்சம்தான் நகர்கிறது. விளைவு, சிற்றலை ஓடும் தண்ணீரில் செங்குத்தானவை பிழைக்கும், கிடையானவை கரைந்துபோகும். பாய்மரக் கம்பமும் தூணும் நெளிந்தாவது தெரியும். மாளிகையின் நீளமான கூரைவிளிம்பு அடையாளமே இல்லாமல் போய்விடும். தேர்ந்த கை கம்பங்களுக்கும் சுவர்களுக்கும் கீழே மட்டும் மேலிருந்து கீழாக லேசாக இழுத்துவிட்டு, கூரையைத் தண்ணீரில் தேடாமல் விட்டுவிடுவது இதனால்தான்.

இந்தச் சிதறலில் காற்றின் வேகம்கூட எழுதியிருக்கிறது. சார்லஸ் காக்ஸ், வால்ட்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்கள், கடல்மேல் சூரியனின் மினுமினுப்பை விமானத்திலிருந்து படம் பிடித்து, அந்த மினுமினுப்புப் பட்டையின் வடிவத்திலிருந்தே அலைகளின் சாய்வைக் கணக்கிட்டு 1954இல் வெளியிட்டார்கள். காற்று கூடினால் பட்டை அகலும். செயற்கைக்கோளிலிருந்து கடலைப் பார்ப்பவர்கள் இன்றும் அவர்களுடைய கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். அவசரமாகப் போட்ட ஒரு ஸ்கெட்சில் கம்பத்தின் பிம்பம் மெலிந்து நீண்டிருந்தால் அது காற்றடங்கிய வேளை; அகன்று உடைந்திருந்தால் காற்று வந்துவிட்டது. தேதியோ நேரமோ எழுதாத தாளிலும் அந்த வேளையின் காற்று பதிந்திருக்கும்.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. கூடவே கலங்கல் நீருக்குள்ளிருந்து சிதறி வரும் தன் ஒளியையும் கொஞ்சம் கலந்துவிடுகிறது. அதனால் வெள்ளைச் சுவரின் பிம்பம் சுவரைவிட மங்கலாகவும், கறுத்த படகின் பிம்பம் படகைவிட வெளிறியும் இருக்கும். படகுக்கு அழுத்திப் போட்ட கை, அதன் பிம்பத்துக்கு வரும்போது பென்சிலைச் சற்றே தூக்கிக்கொள்கிறது. ஸ்கெட்சைப் பார்க்கும்போது இந்தத் தூக்கலைத் தேடுங்கள். இயற்கையைப் பார்த்துப் போட்ட படத்துக்கும் மனப்பாடமாகப் போட்ட படத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

பென்சில் என்ற கருவியே இந்த வேலைக்குப் பிறந்தது போலத்தான் இருக்கிறது. பெயரளவில் காரீயம் என்று சொல்கிறோமே தவிர, பென்சிலுக்குள் ஈயம் கிடையாது. இருப்பது கிராஃபைட், அதாவது கரிமம். தேன்கூட்டைப் போல அறுகோணங்களாகக் கைகோத்த கரிம அணுக்களின் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் சுமார் 30 லட்சம் தாள்கள். ஒரு தாளுக்குள் அணுக்களின் பிடி மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடி மிகத் தளர்வு. காகிதத்தில் இழுத்ததும் அடுக்கடுக்காகக் கழன்று ஒட்டிக்கொள்கின்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒற்றைத் தாளைத் தனியாக எடுத்து 2004இல் அறிவித்தார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிராஃபீன் என்று பெயர்பெற்ற அந்தப் பொருளின் நெருங்கிய உறவுகள் உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஓவிய நோட்டிலும் கிடக்கின்றன.

கிராஃபைட் இவ்வளவு வழுக்குவதற்குக் காற்றில் உள்ள ஈரப்பசையும் துணை செய்கிறது. வெற்றிடத்தில் அது வழுக்குவதை நிறுத்திவிடுகிறது. வறண்ட உயரக் காற்றில் பறந்த விமானங்களின் மின் மோட்டார்களில் இருந்த கரித் தொடுகட்டைகள் மளமளவென்று தேய்ந்துபோனபோதுதான் இது தெரியவந்தது. தண்ணீரை வரையும் பென்சிலுக்கே கொஞ்சம் தண்ணீர் தேவைப்படுகிறது.

டர்னர் காலத்து இங்கிலாந்தில் நல்ல பென்சிலுக்கு வடமேற்கே பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்தான் பேர்போனது. கட்டியாகவே அறுத்து மரத்துக்குள் வைக்கும் அளவுக்குத் தூய்மையானது. அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752இல் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்தோடு போர் மூண்டு சரக்கு நின்றுபோனதும் பிரான்சில் நிக்கோலா ஷாக் கோன்டே கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு 1795இல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கருமை. பெட்டிக்கடையில் நாம் கேட்டு வாங்கும் 2பி, ஹெச்பி எல்லாம் அந்தக் களிமண் கணக்கின் வாரிசுகள். நம் சிவகங்கை மண்ணிலும் கிராஃபைட் உண்டு. இலங்கையில் போகலைச் சுரங்கத்தில் பாறை நாளங்களில் கிடைப்பது தூய்மைக்குப் பெயர்பெற்றது.

தாளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அன்றைய தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. தொட்டால் சொரசொரப்பு தெரியும். லேசாக இழுத்த கோட்டில் கிராஃபைட் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். வேகமாகக் கிடையாக இழுத்த ஒரே ஒரு கோடு, அருகில் பார்த்தால் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக உடைந்திருக்கும். எட்டி நின்றால் அந்த உடைசல்தான் அலையின் மினுக்கம். அதை ஓவியர் புள்ளி புள்ளியாக வைக்கவில்லை; தாள் வைத்தது.

இவ்வளவும் தாளின் மேல் நடப்பது. மண்டைக்குள் நடப்பது இன்னும் விந்தை. இயற்கையில் கோடு என்ற ஒன்றே இல்லை. குவிமாடத்தைச் சுற்றி யாரும் கறுப்புக் கம்பி கட்டி வைக்கவில்லை. அங்கே இருப்பது கல்லின் வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் சந்திக்கும் எல்லை. கோடு எப்படி அந்த எல்லைக்கு ஆள்மாறாட்டம் செய்கிறது? 1958இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனையின் மூளையில் பார்வைப் பகுதியிலுள்ள ஒரு நரம்பணுவைத் தூண்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்புள்ளி, கரும்புள்ளி என்று திரையில் எதைக் காட்டினாலும் அது சரியாக அசைந்துகொடுக்கவில்லை. கருவிக்குள் கண்ணாடிச் சில்லைச் செருகும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் நகர்ந்தது. நரம்பணு படபடவென்று வெடித்தது. அதற்குப் புள்ளி வேண்டியிருக்கவில்லை, ஒரு குறிப்பிட்ட சாய்வில் ஒரு விளிம்பு வேண்டியிருந்தது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண் அனுப்பும் காட்சியை மூளை முதலில் விளிம்புகளாகப் பிரித்துத்தான் படிக்கிறது. ஸ்கெட்ச் போடுகிறவர் அந்த விளிம்புகளையே நேரடியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

இது பழக்கத்தால் வருவதா என்று கேட்கலாம். ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் இருவரும் 1962இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 19 மாதம்வரை படங்களைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்காமல் வளர்க்கப்பட்ட ஒரு குழந்தையிடம் கோட்டுப் படங்களைக் காட்டினார்கள். குழந்தை பெயர்களைச் சொல்லிவிட்டது. 2011இல் டிர்க் வால்தர் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: கடற்கரை, காடு, மலை, நகரத் தெரு போன்ற காட்சிகளை ஒளிப்படமாகப் பார்க்கும்போதும் வெறும் கோட்டுப் படமாகப் பார்க்கும்போதும், பார்ப்பவரின் மூளை ஸ்கேனிலிருந்தே அது எந்த வகைக் காட்சி என்று கணித்துவிட முடிகிறது. வண்ணமும் நிழலும் போனாலும் கடற்கரை கடற்கரையாகவே மூளையில் இருக்கிறது.

வெற்றிடத்துக்கு வருகிறேன். ஒரே தாள், ஒரே வெள்ளை. மேலே அது வானம், கீழே தண்ணீர். ஆனால் கீழே உள்ள வெள்ளை சற்றே கூடுதலாக மின்னுவது போலத் தோன்றும். கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். இத்தாலிய உளவியலாளர் கயெத்தானோ கனீசா 1955இல் ஒரு முக்கோணத்தை உலகுக்குக் காட்டினார். வெட்டுப்பட்ட மூன்று கருவட்டங்களுக்கு நடுவே வரையப்படாத ஒரு வெள்ளை முக்கோணம் பளிச்சென்று நிற்கும். சுற்றியுள்ள தாளைவிட வெளுப்பாகவே கண்ணுக்குத் தெரியும். அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. சுற்றியுள்ள குறிப்புகளை வைத்து மூளை ஒரு பரப்பை உருவாக்கி, அதற்கு வெளிச்சமும் ஊட்டிவிடுகிறது. படகின் அடிவிளிம்பு, அதற்குக் கீழே இரண்டு தீற்றல், எதிர்க்கரையின் கோடு. இந்த மூன்றுக்கும் நடுவே டர்னரின் தண்ணீரை விரிப்பது நம் தலைக்குள் இருக்கும் அந்த வேலைக்காரன்தான்.

கோட்டின் வேகமும் நமக்குள் இறங்குகிறது. கை வளைவில் தானாகவே வேகம் குறையும், நேரில் விரையும். வளைவுக்கும் வேகத்துக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு என்று லக்குவானிட்டி, டெர்சுவோலோ, விவியானி என்ற மூவர் 1983இல் அளந்து சொன்னார்கள். விரைந்து இழுத்த கோடு முனையில் மெலிந்து மறையும். தயங்கிய கோடு ஒரே தடிமனாக ஊரும். பார்த்த மாத்திரத்தில் இதைச் சொல்ல நமக்குப் பயிற்சி வேண்டியதில்லை, ஏனெனில் நம் கைக்கும் அதே விதிதான்.

டர்னரைவிட ஒரு வயது இளையவரான ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் அவரைப் போல ஊர் ஊராக அலைந்தவரல்ல. தம் தந்தையின் மாவு ஆலை இருந்த ஸ்டூர் ஆற்றங்கரையையே சுற்றிச் சுற்றி வரைந்தார். 1813, 1814 ஆண்டுகளில் அவர் சட்டைப்பையில் வைத்திருந்த இரண்டு ஸ்கெட்ச் புத்தகங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. 1814 செப்டம்பர் 7 என்று தேதியிட்ட ஒரு பக்கத்தில் ஆற்றோரம் படகு கட்டுகிறார்கள். அதை வைத்து மறு ஆண்டு காட்சிக்கு வைத்த வண்ண ஓவியமும் அதே அருங்காட்சியகத்தில் உண்டு. ஓவியம் அருமையானது. ஆனாலும் எனக்கு அந்தச் சின்னப் பக்கம்தான் பிடிக்கும். ஓவியத்தில் ஒரு கோடைக்காலம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிற்பகல் இருக்கிறது.

டர்னரின் ஸ்கெட்ச் புத்தகங்களை லண்டன் டேட் அருங்காட்சியகம் பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு மாலை ஒதுக்கி வெனிஸ் பக்கங்களைப் பாருங்கள். முதலில் எதை வரைந்திருக்கிறார் என்று பார்க்காமல், எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பல வீடுகளில் பரண்மேல், பழைய டிரங்குப் பெட்டியில், டிராயிங் மாஸ்டராக இருந்த தாத்தாவோ ஓவியம் பழகிய சித்தியோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து போட்ட பென்சில் தாள் ஒன்றிரண்டு கிடக்கும். முடிக்காத படம் என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பாதுகாக்கிறேன் என்று லேமினேட் செய்துவிடவும் வேண்டாம். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. கையால் தேய்க்காமல், அமிலமில்லாத தாள் ஒன்றை மேலே வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். வண்ணங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும், கிராஃபைட் வெளுக்காது. பழுத்து நொறுங்குவது தாள்தான். அந்தத் தாளைக் காப்பாற்றினால் போதும், அதில் வரையாமல் விட்ட தண்ணீரும் தங்கும்.